நான்கு குதிரை வீரர்களின் ஊரில்

சிகாகோ நகரின் நடுவே, பூமிக்கு அடியில் அமைந்துள்ள மில்லேனியம் நிலையத்தில் ரயில் ஏறும்போது என் கைக்கடிகாரம் காலை எட்டே முக்காலைக் காட்டிற்று. சவுத் பெண்ட் நகருக்கு இரண்டரை மணி நேரப் பயணம். ஆனால் இறங்கும்போது மணி பன்னிரண்டே காலாகியிருக்கும் என்றார் என் மருமகன். கணக்கு உதைக்கிறதே என்றேன். "நடுவில் நேரக்கோடு ஒன்றைக் கடக்கிறோம், மாமா. இந்தியானா மாநிலத்தின் அந்தப் பகுதி சிகாகோவைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது" என்றார். மனிதர்கள் போட்ட கோடு சூரியனுக்குத் தெரியாதல்லவா? அன்று அந்த ஊரில் ளுஹருடைய நேரமே பிற்பகல் இரண்டு மணியை நெருங்கித்தான் தொடங்கிற்று.

அது 2025 ஏப்ரல் மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மருமகனின் மூத்த பையனுக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. அவற்றுள் ஒன்று, சவுத் பெண்ட் நகரை அடுத்துள்ள நோட்டர் டேம். கத்தோலிக்கப் பாதிரிமார் தோற்றுவித்து நடத்திவரும் கலாசாலை. பையனுக்கு அதன்மேல்தான் ஆசை. காயல்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை, அதாவது பையனின் வாப்பும்மா, தொலைபேசியில் அழுதே விட்டாள். "காக்கா, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள்? ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாதிரிமார் மடத்துக்கா என் பேரப்பிள்ளையை அனுப்புவது?" என்றாள். நானே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில், ஏசு சபைப் பாதிரிமாரிடம் படித்து வந்தவன் என்பதை அவள் அந்தக் கணத்தில் மறந்திருந்தாள். நினைவூட்ட எனக்கும் துணிவில்லை.

கேரி நகரின் இரும்பாலைகளையும், பின்னர் மிச்சிகன் ஏரியை ஒட்டிய மணற்குன்றுப் பிரதேசத்தையும் கடந்து ரயில் சென்றது. மரங்கள் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கியிருந்தன. நான் என் மடியில் ஒரு புத்தகத்தை வைத்திருந்தேன். டாட் டக்கர் என்பவர் 2004இல் வெளியிட்ட அந்நூல், நோட்டர் டேம் மாணவர்களுக்கும் கூ க்ளக்ஸ் க்ளான் இயக்கத்தாருக்கும் இடையே நடந்த மோதலைப் பற்றியது. மருமகன் வீட்டு அலமாரியில் அகப்பட்டது. இரண்டு இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே, "கலாசாலையைப் பிறகு பார்ப்போம், முதலில் நகரத்து நீதிமன்றத்துக்குப் போவோம்" என்று நான் சொன்னபோது, தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சவுத் பெண்ட் என்றால் தெற்கு வளைவு. செயின்ட் ஜோசப் ஆறு தெற்கே வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்ததால் வந்த பெயர். ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயர் உலகெங்கும் தெரிந்திருந்ததற்குக் காரணம் ஸ்டூடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை 1963 டிசம்பரில் இங்கே மூடப்பட்டது. பலகை அடித்த கட்டடங்களும் வெறிச்சோடிய மனைகளும் இன்றும் அந்த இழப்பைச் சொல்கின்றன.

நீதிமன்றத் திடலில் வெயில் இதமாக இருந்தது. நாங்கள் கொண்டுவந்த இறைச்சிப் பொட்டலங்களை ஒரு கல் திண்ணையில் பிரித்து வைத்துக்கொண்டோம். அங்கே வைத்துத்தான் பையனுக்கு 1924ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன்.

அந்நாளில் இந்தியானா மாநிலம் கூ க்ளக்ஸ் க்ளானின் கோட்டையாக இருந்தது. வெள்ளை அங்கியும் கூம்பு முகமூடியும் அணிந்து திரிந்த இந்தக் கூட்டத்தார் கறுப்பினத்தாரை மட்டுமே வெறுத்தார்கள் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். யூதர்களையும், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களையும், கத்தோலிக்கர்களையும் அவர்கள் அதே அளவு வெறுத்தார்கள். அயர்லாந்திலிருந்தும் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கத்தோலிக்கர்கள் போப்பாண்டவருக்குத்தான் விசுவாசமாக இருப்பார்களேயன்றி அமெரிக்காவுக்கு அல்ல என்பது குற்றச்சாட்டு. எங்கோ கேட்ட பல்லவி போலத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றிற்று. டி.சி. ஸ்டீவன்சன் என்பவர் அவர்களது மாநிலத் தலைவர். 1924 நவம்பர் தேர்தலில் அவர்களின் ஆதரவு பெற்ற எட்வர்ட் ஜாக்சன் ஆளுநராகவே வென்றார். அந்த ஆண்டு மே 26ஆம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகையைச் சுருக்கி, ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. அக்கதவு 1965இல் திருத்தப்பட்ட சட்டத்தால் திறக்கப்பட்டிராவிட்டால், என் மருமகன் சிகாகோவில் வீடு வாங்கியிருக்க முடியாது. நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து இறைச்சி தின்றிருக்க முடியாது.

அந்தச் சட்டம் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்பு, மே 17 சனிக்கிழமை, க்ளான் கூட்டத்தார் சவுத் பெண்டில் மாநாடும் ஊர்வலமும் நடத்தப் புறப்பட்டார்கள். கத்தோலிக்கக் கலாசாலையின் வாசலிலேயே வந்து பலம் காட்டுவதுதான் நோக்கம். தலைவராக இருந்த பாதிரியார் மாத்யூ வால்ஷ், மாணவர்கள் எவரும் நகருக்குள் போகக்கூடாது என்று அறிக்கை ஒட்டினார். வாலிபர்கள் கேட்பார்களா? நூற்றுக்கணக்கில் ரயிலடிக்குப் போய் நின்றுகொண்டார்கள். இறங்கி வந்தவர்களின் அங்கிகளையும் முகமூடிகளையும் பிடுங்கிக் கிழித்தார்கள். மிச்சிகன் தெருவும் வெய்ன் தெருவும் சந்திக்கும் மூலையில் மூன்றாம் மாடியில் இருந்த க்ளான் அலுவலகத்தின் சாளரத்தில் சிவப்பு மின்விளக்குகளாலான சிலுவை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மாணவர்கள் மளிகைக் கடை உருளைக்கிழங்குகளை எடுத்து வீசி ஒவ்வொரு விளக்காக உடைத்தார்கள். உச்சியிலிருந்த கடைசி விளக்கு மட்டும் எவருக்கும் அகப்படவில்லையாம். கால்பந்துக் குழுவின் ஸ்டுல்டிரெஹர் வந்து ஒரே எறியில் அதை உடைத்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதைதான். என்றாலும் அந்த ஊர் அதை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

திங்கட்கிழமை இரவு நிலைமை மாறிற்று. மாணவன் ஒருவனுக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிட்டதாக வதந்தி பரவ, விடுதிகளிலிருந்து பையன்கள் கூட்டமாக நகருக்கு ஓடினார்கள். இம்முறை எதிர்த்தரப்பு தடிகளும் பாட்டில்களுமாகக் காத்திருந்தது. மண்டைகள் உடைந்தன. இரத்தம் வழிய, திருப்பித் தாக்கியே தீருவது என்று அவர்கள் இந்த நீதிமன்றத்தருகே திரண்டு நின்றபோதுதான் பாதிரியார் வால்ஷ் வந்து சேர்ந்தார். அங்கிருந்த பழைய பீரங்கி ஒன்றின்மேல் ஏறி நின்று, விடுதிக்குத் திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் திரும்பினார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. பந்தாட்டக் குழுவோடு வெளியூர் போயிருந்தோம். நான் ஆடுபவன் அல்லன். தண்ணீர் வாளியும் துண்டும் சுமப்பவன். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரரில் இருவர் நம்மவர். அவர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம், எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அங்கே போ என்று பார்வையாளர்களில் ஒரு கூட்டம் கூவிற்று. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கற்களைப் பொறுக்கிவிட்டோம். விடுதிக் காப்பாளராக வந்திருந்த பாதிரியார் எங்கள் கைகளைத் தட்டிவிட்டு, ஆடுகளை ஓட்டுவதுபோல் பஸ்ஸுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். எங்களைக் கோழைகளாக்கிவிட்டார் என்று நான் பல ஆண்டுகள் அவர்மேல் கோபமாக இருந்தேன். கூட வந்த கிறிஸ்தவ, இந்து மாணவர்களும் எங்களுக்காகத்தான் கல்லை எடுத்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

"பிறகு என்ன ஆயிற்று, அப்பா?" என்றான் பையன். எங்களூரில் பாட்டனாரை அப்பா என்றழைப்பது வழக்கம். சிகாகோவில் பிறந்தும் அதை மறக்காமல் வைத்திருக்கிறான்.

"பிறகு என்ன, பந்து ஆடினார்கள்" என்றேன். வாடகைக் காரில் கலாசாலைக்குப் புறப்பட்டோம்.

நோட்டர் டேம் வளாகத்துக்குள் நுழைவோரை முதலில் பிடித்து நிறுத்துவது பிரதானக் கட்டடத்தின் பொன் வேய்ந்த கும்மட்டம். பெயர் பிரெஞ்சுப் பெயர். 'நம் அன்னை' என்று பொருள், அதாவது அன்னை மரியம். பிரெஞ்சுக்காரர்கள் நோத்ர தாம் என்று உச்சரிப்பதை அமெரிக்கர் நோட்டர் டேம் ஆக்கிவிட்டார்கள். பொட்டவாட்டமி என்னும் செவ்விந்தியப் பழங்குடியினர் வாழ்ந்த நிலம் இது. அவர்களில் பெரும்பாலோர் 1838இல் துரத்தப்பட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1842 நவம்பர் 26ஆம் நாள், எட்வர்ட் சோரின் என்ற 28 வயதுப் பிரெஞ்சுப் பாதிரியார் ஏழு துறவிகளுடன் பனி மூடிய இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. மரக்கட்டைக் குடில்தான் தொடக்கம்.

1879 ஏப்ரலில் நேர்ந்த தீ விபத்தில் பிரதானக் கட்டடம் முற்றிலும் எரிந்துபோயிற்று. அப்போது சோரினுக்கு 65 வயது. வெளியூரிலிருந்து திரும்பி, சாம்பலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, முன்னிலும் பெரிதாகக் கட்டுவோம் என்று அறிவித்தார். சொன்னபடியே, அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. நமது ஊர்களில் ஒரு மதரஸாவுக்கு மாடி எழுப்ப நாம் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

இங்கே பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. காலுக்கு அதில் அதிக வேலையில்லை என்பது வேறு விஷயம். நீள்வட்டமான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். எதிரணியினர் பாய்ந்து மடக்கி வீழ்த்துவார்கள். நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து மறுதரப்புக்குப் போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதன்பின் ஓர் உதையில் கூடுதலாக 1. தூரத்திலிருந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் 3. சடுகுடுவும் பந்தயமும் சேர்ந்த ஒன்று என்று வைத்துக்கொண்டால் வாசகர்களுக்குச் சிரமமிராது. அணிக்குப் பதினொருவர். 1924இல் அதே பதினொருவரே தாக்கவும் காக்கவும் வேண்டும். தலையில் தோல் தொப்பி மட்டுமே.

குழுவின் பயிற்சியாளர் நூட் ராக்னி. நார்வே நாட்டில் வோஸ் என்ற ஊரில் 1888இல் பிறந்து, ஐந்து வயதில் சிகாகோவுக்கு வந்த குடியேறி. சிகாகோ தபால் நிலையத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 22 வயதில்தான் நோட்டர் டேமில் மாணவராகச் சேர்ந்தார். இரசாயனத்தில் தேர்ந்தவர், செயற்கை ரப்பருக்கு வழிவகுத்த ஆராய்ச்சியாளரான பாதிரியார் நியூலண்டிடம் உதவியாளராகவும் இருந்தார். 1913 நவம்பரில் நியூயார்க்கின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியை 35-13 என்று நோட்டர் டேம் வீழ்த்தியபோது, கஸ் டொராய்ஸ் எறிய ராக்னி ஓடிப் பிடித்த பந்துகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. 1918 முதல் அவரே தலைமைப் பயிற்சியாளர். இன்னொரு செய்தி: கத்தோலிக்கரின் மானம் காத்த குழு என்று கொண்டாடப்பட்ட 1924ஆம் ஆண்டுக் குழுவின் பயிற்சியாளர் அப்போது கத்தோலிக்கரே அல்லர்! லூத்தரன் பிரிவைச் சேர்ந்தவர். 1925 நவம்பரில்தான் கத்தோலிக்கரானார்.

அண்டை மாநிலக் கல்லூரிகள் தங்களுடைய மேற்கத்திய சங்கத்தில் நோட்டர் டேமைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்காதது நல்லதாயிற்று. ஆட்டம் தேடி நாடெங்கும் ரயிலேறிப் போக வேண்டியதாயிற்று. போன இடமெல்லாம் அயர்லாந்து, இத்தாலி, போலந்து வம்சத்து ஆலைத் தொழிலாளிகள் 'நம்ம பையன்கள்' என்று கூடினார்கள். பட்டப்படிப்பைக் கண்ணால் காணாதவர்கள், அந்தக் கல்லூரியைத் தங்கள் கல்லூரியாகக் கொண்டார்கள்.

ராக்னியின் பின்வரிசையில் நால்வர்: ஹாரி ஸ்டுல்டிரெஹர், ஜிம் கிரௌலி, டான் மில்லர், எல்மர் லேடன். நால்வரில் எவரும் 162 பவுண்டு எடையைத் தாண்டவில்லை. நம் கணக்கில் 73 கிலோ. ஸ்டுல்டிரெஹருடைய உயரம் ஐந்தடி ஏழங்குலம். இந்தச் சிறு உருவங்கள் எப்படி மலை போன்றவர்களை மீறி ஓடின? காரணம் நேரக்கணக்கு. பந்து கைக்கு வரும் கணத்துக்கு முன்னால் நால்வரும் ஒரே தாளத்தில் இடம் மாறி நிற்பார்கள். எதிரணிக்கு யார் எப்பக்கம் போவார் என்பது பிடிபடாது. மேலும், ராக்னி முதலில் இரண்டாம் தர அணியை இறக்கி எதிரிகளைக் களைக்க வைத்து, அதன்பின் நால்வரையும் அனுப்புவார். முந்திய இரு ஆண்டுகளில் இவர்கள் தோற்றது இரண்டே ஆட்டங்களில். இரண்டும் நெப்ராஸ்காவிடம், அவர்கள் ஊரில்.

1924 அக்டோபர் 4ஆம் தேதி லொம்பார்ட் கல்லூரியை 40-0 என்றும், அடுத்த வாரம் வபாஷ் கல்லூரியை 34-0 என்றும் வென்று தொடங்கினார்கள். அவை பயிற்சி போலத்தான். அக்டோபர் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் இராணுவக் கல்லூரியோடு நடந்த ஆட்டமே அவர்கள் பெயரை நிலைநிறுத்திற்று. நடுவரிசைத் தலைவர் ஆடம் வால்ஷ் இரு கைகளிலும் எலும்பு முறிந்த நிலையில் ஆடி, கடைசி நேரத்தில் எதிரணியினர் எறிந்த பந்தையும் இடைமறித்துப் பிடித்தார். 13-7 என்று வெற்றி. கிரான்ட்லண்ட் ரைஸ் என்ற பிரபல பத்திரிகையாளர் மறுநாள் எழுதிய செய்தியில், விவிலியத்தின் இறுதி நூலில் வரும் நான்கு குதிரை வீரர்களாக அந்த நால்வரையும் வர்ணித்தார். இந்த உவமைக்கு விதை போட்டவர் ஜார்ஜ் ஸ்ட்ரிக்ளர் என்னும் மாணவர். குழுவின் விளம்பர வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், அதே பெயருள்ள வாலன்டினோ நடித்த திரைப்படத்தைப் பார்த்திருந்தார். இடைவேளையில் அதைச் சொல்லி வைத்தார். ரைஸின் வர்ணனையோடு நில்லாமல், ஊர் திரும்பியதும் நான்கு குதிரைகளைக் கொண்டுவந்து நால்வரையும் சீருடையோடு ஏற்றிப் படமெடுத்து நாடெங்கும் அனுப்பினார். அந்தப் படம் 1998இல் தபால் தலையாகவும் வந்தது. ஆடம் வால்ஷும் முன்வரிசைத் தோழர்கள் அறுவரும் தங்களை 'ஏழு கோவேறு கழுதைகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். வழி திறந்துவிடுகிறவனுக்குக் கழுதைப் பெயர், ஓடுகிறவனுக்குக் குதிரைப் பெயர்! எனக்கென்னவோ அந்த எழுவர்மேல்தான் பிரியம்.

அதன் பிறகு பிரின்ஸ்டன், ஜார்ஜியா டெக், விஸ்கான்சின் என்று வரிசையாக வீழ்ந்தன. நவம்பர் 15 அன்று நெப்ராஸ்கா நோட்டர் டேமின் சொந்த மைதானத்துக்கு வந்து 34-6 என்று தோற்றுப் போயிற்று. அன்று வளாகத்தில் யாரும் உறங்கியிருக்க மாட்டார்கள். சிகாகோவில் நார்த்வெஸ்டர்னோடு 13-6 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். பிட்ஸ்பர்கில் கார்னகி டெக்கை வென்றதோடு ஒன்பதுக்கு ஒன்பது.

மீதமிருந்தது கலிபோர்னியாவில் புத்தாண்டு நாளில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டம். ராக்னி குழுவை நியூ ஓர்லியன்ஸ், ஹூஸ்டன், டூசான் வழியாகத் தெற்கே சுற்றி அழைத்துப் போனார். வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதோடு, வழியெல்லாம் திரண்டிருந்த ஜனங்களுக்கு முகம் காட்டவும் வேண்டியிருந்தது. 1925 ஜனவரி 1, பசடேனா நகரம். எதிரே பாப் வார்னர் பயிற்சியளித்த ஸ்டான்ஃபோர்ட். அதில் எர்னி நெவர்ஸ் என்ற பலசாலி. அந்தப் பருவத்தில் இரு கணுக்கால்களிலும் பட்ட காயத்தோடு வந்து தனியொருவராக 114 கஜம் ஓடினார். முன்னேறிய தூரத்தைக் கணக்கிட்டால் ஸ்டான்ஃபோர்டே மேல். ஆனால் அவர்கள் எறிந்த பந்தை லேடன் இருமுறை இடைமறித்துப் பிடித்து, ஒருமுறை 78 கஜம், மறுமுறை 70 கஜம் ஓடி எல்லை சேர்த்தார். முதலில் ஓடிச் சேர்த்ததோடு அவருடையது மூன்று. ஸ்டான்ஃபோர்ட் நழுவவிட்ட பந்தை எடுத்து ஹன்சிங்கர் சேர்த்தது ஒன்று. 27-10. பத்து ஆட்டம், பத்து வெற்றி. எடுத்த புள்ளிகள் 285, கொடுத்தவை 54. இறுதிப் போட்டி என்ற ஏற்பாடு இல்லாத அக்காலத்தில், தேசத்தின் முதன்மைக் குழு எது என்பதில் பெரிய சர்ச்சை எழவில்லை. நோட்டர் டேம் தனது முதல் தேசிய வெற்றிப் பட்டமாக அந்த ஆண்டையே கணக்கிடுகிறது.

மே மாதத்தில் மண்டை உடைந்த அதே கலாசாலை, ஜனவரியில் தேசத்தின் செல்லப்பிள்ளை. க்ளான் தலைவர் ஸ்டீவன்சனோ ஒரு பெண்ணைக் கெடுத்துச் சாகச் செய்த வழக்கில் 1925இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். இந்தியானாவில் அந்த இயக்கம் சரிந்தது. பந்தாட்டம் அதைச் சரித்தது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. சரித்தது அந்தத் தலைவரின் அயோக்கியத்தனம். ஆனால் கேலிச் சொல்லாக வீசப்பட்ட 'சண்டைக்கார ஐரிஷ்' என்ற பெயரை 1927இல் பாதிரியார் வால்ஷே குழுவின் அதிகாரபூர்வப் பெயராக ஏற்றுக்கொண்டாரே, அதற்கான தைரியத்தை அந்தப் பருவம் கொடுத்தது என்பேன்.

1930இல் திறக்கப்பட்ட பெரிய மைதானத்தின் வெளியே நின்று இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். எதிரே நூலகச் சுவரில் பல மாடி உயரத்துக்கு ஈசா நபியைக் கைகள் உயர்த்திய நிலையில் சித்தரிக்கும் ஓவியம். பந்தாட்ட நடுவர் புள்ளி அறிவிக்கும்போது அப்படித்தான் கைகளை உயர்த்துவாராம். ஆகவே மாணவர்கள் அதற்கு ஒரு விளையாட்டுப் பெயரே வைத்திருக்கிறார்கள். நபிமாரின் உருவத்தை வரைவது நமக்கு உடன்பாடில்லை. அதன்மேல் வேடிக்கைப் பெயரும் வைப்பது பாதிரிமாருக்கே எப்படிச் சம்மதமாயிற்று என்று வியந்தேன். பந்து அந்த அளவுக்கு இங்கே எல்லாவற்றையும் தொட்டுவிட்டது.

பையன் ஒரு கேள்வி கேட்டான். "அந்தக் குழுவில் கறுப்பினத்தவர் எத்தனை பேர், அப்பா?"

ஒருவருமில்லை. குழுவில் மட்டுமல்ல. க்ளானின் முகமூடியைக் கிழித்த அந்தக் கலாசாலை, 1944 வரையில் ஒரு கறுப்பின மாணவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் கறுப்பினப் பட்டதாரி வெளிவந்தது 1947இல். இளநிலை வகுப்புகளில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1972இல். தன்மேல் விழுந்த அடியின் வலி தெரிந்தவனுக்கு, அடுத்தவன் வலி தானாகத் தெரிந்துவிடுவதில்லை போலும். 2021 இறுதியில் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட மார்க்கஸ் ஃப்ரீமனின் தந்தை கறுப்பினத்தவர், தாய் கொரியப் பெண்மணி. 2025 ஜனவரியில் அவர் குழுவைத் தேசிய இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்றார். அங்கே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 34-23 என்று தோற்றார்கள். ரோஸ் பவுல் வெற்றிக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து.

ராக்னி 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் மாநிலத்தில் விமானம் விழுந்து இறந்தார், வயது 43. நால்வரில் கடைசியாக மறைந்தவர் கிரௌலி, 1986இல்.

வளாகத்துக்குள் இரண்டு ஏரிகள். செயின்ட் ஜோசப் ஏரியின் கரையில், ஆள் நடமாட்டமில்லாத புல்வெளியில் மூவரும் உளூச் செய்துகொண்டு, பிரயாணிகளாதலால் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தண்ணீர் பனிக்கட்டியாய்ச் சுட்டது. வயதான பாதிரியார் ஒருவர் நடைப்பயிற்சியாக வந்தவர், நாங்கள் ஸுஜூதில் இருப்பதைக் கண்டு, பாதையிலேயே நின்றுவிட்டார் என்று பின்னர் மருமகன் சொன்னார். நாங்கள் ஸலாம் கொடுத்து முடித்த பிறகே எங்களைக் கடந்து போனார். கையைச் சற்று உயர்த்தினார், பேசவில்லை.

"அந்தப் பையன்கள் கல்லெடுத்தது சரியா, அப்பா? பாதிரியார் சொன்னது சரியா?" என்று கேட்டான் பையன், ரயிலடிக்குத் திரும்பும்போது. பாளையங்கோட்டைப் பஸ்ஸின் கதவு சாத்தப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "பிள்ளைகளைத் தேடி அந்த இருட்டில் அவர் வந்தாரல்லவா, அதைப் பார்" என்றேன். அவன் கேட்டதற்கு அது பதிலல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

ரயிலில் அமர்ந்ததும் தங்கையை அழைத்தேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அவள் விழித்தே இருந்தாள்.

"தொழ இடம் இருக்கிறதா, காக்கா?"

"இருக்கிறது. ஏரிக்கரையில் தொழுதோம்."

"பனிக்காலத்தில்?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் தொலைபேசியை வாங்கி, "வாப்பும்மா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் அவன் 'சரி வாப்பும்மா, சரி வாப்பும்மா' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வண்டி மேற்கே நேரக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் பின்னே திருப்பி வைத்தேன்.